கிரனாடாவில் எங்கே தங்குவது: குடும்பமா, விடுதியா, பகிர்வு வீடா?

தெற்கு ஸ்பெயினில் இருக்கும் கிரனாடாவில் அறை பார்க்கப் போகிற மாணவர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்கள், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், பால்கனியிலிருந்து அல்ஹம்ப்ரா கோட்டை தெரிகிறதா என்று கழுத்தை நீட்டுகிறார்கள். வெந்நீர்த் தொட்டியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. ஐந்து பேர் குடியிருந்த அந்த வீட்டில் தொட்டியின் கொள்ளளவு ஐம்பது லிட்டர். காலையில் மூன்றாவதாகக் குளிப்பவர் தலையில் ஷாம்பு நுரையோடு அலறுவார். அதைக் கேட்டதும் நான்காவது ஆள் போர்வைக்குள் திரும்பிப் போய்விடுவார். ஐந்தாவது ஆள் நான்.

கிரனாடா இருக்கும் ஆந்தலூசியப் பகுதி என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கிரனாடா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஜனவரி இரவுகளில் தண்ணீர் உறையும் குளிர் வரும். ஜூலையில் நாற்பது டிகிரியைத் தொடும். ஒரே ஒரு ஸ்வெட்டரோடு செப்டம்பரில் வந்து இறங்கியவள் நான். எங்கே தங்குவது என்ற கேள்வி இங்கே வாடகைக் கணக்கோடு முடிவதில்லை என்பதை டிசம்பரில்தான் புரிந்துகொண்டேன்.

இங்கே படிக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது "எத்தனை மாதம்?" என்று. ஒரு பருவத்துக்கு வருகிறவருக்கும் ஒரு கல்வியாண்டு முழுக்க இருக்கப் போகிறவருக்கும் ஒரே பதில் கிடையாது. அடுத்தது, உங்கள் ஸ்பானிஷ் எந்த அளவில் இருக்கிறது. அதற்குப் பிறகு, எந்தத் துறையில் படிக்கப் போகிறீர்கள். பணம் நான்காவதாக வரட்டும். மாட்ரிடிலோ பார்சிலோனாவிலோ இப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. அங்கே ஒரு அறைக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே அறையும் எடுத்து மாதச் சாப்பாட்டுச் செலவையும் ஓரளவு முடித்துக்கொள்ளலாம்.

ஊரின் இயல்பையும் சொல்லிவிடுகிறேன். கிரனாடா பல்கலைக்கழகம் 1531-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் தொடங்கப்பட்டது. இரண்டே கால் லட்சம் பேர் வாழும் ஊரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். வெளிநாட்டு மாணவர்கள் பெருந்திரளாக வந்து போகும் இடம். எனவே வாடகைச் சந்தை முழுக்க மாணவர்களை வைத்தே சுழல்கிறது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகின்றன. "ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கும் வாடகை உண்டா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு ஸ்பானியக் குடும்பத்தோடு தங்கலாம். உணவோடு கூடிய மாணவர் விடுதியில் சேரலாம். நாலைந்து பேராக ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். இதை இங்கே பீசோ கொம்பார்த்தீதோ என்பார்கள், மாணவர் பேச்சில் வெறும் பீசோ.

முதலில் மாதக் கணக்கு, ஏனென்றால் சட்டம் அங்கேதான் குறுக்கே வருகிறது. 180 நாட்களுக்கு உட்பட்ட படிப்பு என்றால் விசாவே போதும். அதைத் தாண்டினால், வந்து சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தியே என்று அதைச் சொல்வார்கள். அதற்குப் பொதுவாக எம்பாத்ரொனாமியென்தோ கேட்பார்கள்: நீங்கள் இன்ன முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்று நகராட்சிப் பதிவேட்டில் பதிந்து வாங்கும் சான்று. பகிர்வு வீடுகளின் முதல் சிக்கல் இதில்தான் இருக்கிறது. வரிக் கணக்கில் காட்டாமல் வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் "பதிவெல்லாம் வேண்டாமே" என்று நழுவுவார்கள். ஓராண்டு இருக்கப் போகிறவர் அறையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இங்கே பதிந்துகொள்ளலாமா?" என்பது. அதற்கு நேரடியான "சீ", அதாவது "ஆம்", வராவிட்டால் அடுத்த வீட்டைப் பாருங்கள். ஐந்து மாதத்துக்கு வருகிறவருக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவருக்கு மூன்று வழிகளும் திறந்தே இருக்கின்றன.

இனி குடும்பம். என் முதல் மூன்று மாதங்கள் ரெயலெஹோ பகுதியில் ஓர் அம்மாள் வீட்டில் கழிந்தன. "குடும்பம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் அவர் தனியாகத்தான் இருந்தார், பிள்ளைகள் மாலகாவில். இப்படிப் பலர் உண்டு. ஓய்வூதியத்துக்கு மேல் கொஞ்சம் வருமானம், வீட்டில் ஒரு பேச்சுத் துணை. இதில் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க ஒன்றும் இல்லை. கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் எல்லோரும் அவரவர் அவசரத்தில் ஓடுவார்கள். என் அம்மாளுக்கோ என்னோடு பேசுவதைத் தவிர மாலையில் வேறு வேலை இல்லை.

நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் மதியம் ஆவாஸ் கொன் ஹமோன் செய்து வைத்தார். இந்த ஊருக்கே உரிய பதார்த்தம்; பச்சை மொச்சை போன்ற பெரிய பயறோடு மலைக்காற்றில் உலர்த்திய பன்றித்தொடைத் துண்டுகள் போட்டு வதக்குவது. என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு முள்கரண்டியை எடுத்து, என் தட்டிலிருந்து ஒவ்வொரு இறைச்சித் துண்டாகக் குத்தித் தன் தட்டுக்கு மாற்றினார். பதினோரு துண்டுகள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, "இப்போது இது காய்கறி" என்றார். அவர் கேலி செய்யவில்லை என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இங்கே "கார்னே" என்றால் பலருக்கும் அடுப்பில் வேகும் இறைச்சிதான்; ஹமோன் வேறு இனம், சூரைமீன் மூன்றாவது இனம். எனவே "சைவம்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். ஹமோன், சொரீஸோ என்னும் பன்றித் தொத்திறைச்சி, சூரைமீன், கோழிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அந்தப் பட்டியலைச் சொல்லி முடித்த பிறகு எனக்குக் கிடைத்த சாப்பாடு அருமை: கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும், கத்தரிக்காய் வறுவலின் மேல் கரும்புப் பாகு, உருளைக்கிழங்கு முட்டை அடை.

மொழிக்காகக் குடும்பத்தில் தங்குவதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அங்கே கேட்கப் போவது பாடப்புத்தக ஸ்பானிஷ் அல்ல. சொல்லின் கடைசி 'ஸ்' காற்றோடு போய்விடும், நடுவில் வரும் 'த' கரைந்துவிடும். ஊரின் பெயரே "கிரனா" என்றுதான் காதில் விழும். முதல் மாதம் தொலைக்காட்சிச் செய்தி புரியும், அம்மாள் பேசுவது புரியாது. மூன்றாவது மாதம் இரண்டும் புரியும். பீசோவில் இருந்த என் வகுப்புத் தோழர்களுக்கு அந்த நிலை வர ஈஸ்டர் ஆயிற்று.

குறைகளும் உண்டு. சமையலறை அவருடையது, ரசம் வைக்கிறேன் என்று உள்ளே நுழைய முடியாது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. நம் வயிறு ஏழு மணிக்கே கூவும். ஆறு மணிவாக்கில் மெரியெந்தா என்று ஒரு மாலைச் சிற்றுண்டி இருப்பதால் பிழைத்தேன். விருந்தினரை இரவு தங்கவைக்க முடியாது. நள்ளிரவுக்கு மேல் திரும்பினால் யாரும் கண்டிக்க மாட்டார்கள், ஆனால் காலையில் காபிக் கோப்பை கொஞ்சம் சத்தமாக மேசையில் வைக்கப்படும். மாதச் செலவு, இரண்டு வேளை உணவோடு, அறுநூறு யூரோவுக்கு மேல்தான் தொடங்கும்.

விடுதியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மூன்று வேளை உணவு, வெப்பமூட்டும் வசதி, சுத்தம் செய்ய ஆள், வாசலில் காவலர். கொலேஹியோ மயோர் என்பவை பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, கலை நிகழ்ச்சி, விளையாட்டு எல்லாம் உண்டு. ரெசிதென்சியா என்பவை பெரும்பாலும் தனியார் நடத்துபவை. மூன்றிலும் செலவு மிகுந்தது இதுதான். முழு உணவோடு எழுநூறு யூரோவில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். கூட இருப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டை விட்டு முதல்முறை வந்த பதினெட்டு வயது ஸ்பானியப் பிள்ளைகள். முதுகலைக்கு வருகிற இருபத்து மூன்று வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் சலிப்பூட்டும். நொவத்தாதா என்ற பெயரில் புதியவர்களைப் படுத்தும் வழக்கம், நாம் ராகிங் என்பது, சில விடுதிகளில் நெடுங்காலம் இருந்தது. 2022-இல் வந்த பல்கலைக்கழக ஒழுங்குச் சட்டம் அதை மிகக் கடுமையான குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இளங்கலைக்கு நேரே பள்ளியிலிருந்து வருகிறவர், உடல்நிலையால் உணவும் கவனிப்பும் உறுதியாக வேண்டியவர், இவர்களுக்கு விடுதி சரி. மற்றபடி அது ஒரு நல்ல பாலம் மட்டுமே. ஏன் பாலம் என்கிறேன் என்பதைப் பீசோவைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஓராண்டுக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் கடைசியில் வந்து சேரும் இடம் பீசோதான் என்பது என் அனுபவக் கணக்கு. அறைக்கு 250 முதல் 400 யூரோ வரை ஆகும். இடமும் ஜன்னலும் விலையைத் தீர்மானிக்கின்றன. ஸ்பெயின் மாணவர் விசாவுக்கு மாதம் 600 யூரோ வீதம் கையில் இருப்பதைக் காட்டச் சொல்கிறது. ஐப்ரெம் என்ற அரசு அளவுகோல் 2023 முதல் அந்தத் தொகையில் நிற்கிறது. கிரனாடாவில் பீசோவில் இருந்துகொண்டு அந்த அறுநூறில் மாதத்தை ஓட்டலாம், நான் ஓட்டியிருக்கிறேன். விடுதியில் இருந்தால் அந்தப் பணம் உணவு மேசையோடு தீர்ந்துவிடும்.

ஆனால் பீசோவை ஊரிலிருந்தபடியே பிடிக்க நினைக்காதீர்கள். என்னிடம் யோசனை கேட்ட ஒருவர் அப்படித்தான் மாட்டவிருந்தார். இணையத்தில் ஒரு வீடு. வெள்ளைச் சுவர், பெரிய பால்கனி, நடு ஊரில் 220 யூரோ. உரிமையாளர் லண்டனில் வேலையாக இருக்கிறாராம். முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம், பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமாம். அந்தப் படங்களில் சமையலறைச் சுவரில் இருந்த மின்செருகியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று முனை, பிரிட்டிஷ் வகை. கிரனாடாவில் அப்படி ஒரு செருகியை நான் பார்த்ததே இல்லை. பணம் போகவில்லை. எல்லோருக்கும் அப்படி ஒரு செருகி கண்ணில் படாது.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று கேட்கிறார்கள். பார்க்காத வீட்டுக்குப் பணம் கட்டாதே என்கிறேன் நான். பாலம் என்று சொன்னது இதற்காகத்தான். குடும்பமும் விடுதியும் முறையான கடிதம் தருவார்கள். முதல் ஒரு மாதமோ மூன்று மாதமோ அப்படி ஒன்றில் தங்கிக்கொண்டு, கால் ஊன்றிய பிறகு பீசோ தேடுவதுதான் பாதுகாப்பு. எத்தனை நாளுக்குச் சான்று வேண்டும் என்பதை விண்ணப்ப மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தேடும் முறை பழையதுதான், இன்னும் வேலை செய்கிறது. இதேயலிஸ்தா போன்ற தளங்கள் ஒருபுறம் இருக்கட்டும். செப்டம்பர் நடுவில் துறைகளின் அறிவிப்புப் பலகைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் "அறை வாடகைக்கு" என்ற தாள்கள் ஒட்டியிருக்கும். தாளின் அடியில் தொலைபேசி எண்ணைச் சின்னச் சின்னக் கீற்றுகளாக வெட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எத்தனை கீற்றுகள் கிழிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் போட்டி எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொலைபேசியில் பேசும் உரிமையாளர் எரிந்து விழுவது போலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். மலாஃபொயா என்று இந்த ஊர்க்காரர்களே தங்கள் குணத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: கடுகடுப்பும் குத்தலும் கலந்த ஒருவகை நகைச்சுவை. எனக்கு வாய்த்த உரிமையாளர் முதல் நாள் "இந்தியாவிலிருந்தா? இங்கே யானை வைக்க இடமில்லை" என்றார். வெந்நீர்த் தொட்டி பழுதானபோது ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து சரிசெய்ததும் அவர்தான்.

விளம்பரத்தில் "இன்தெரியோர்" என்று இருந்தால் ஜன்னல் கட்டடத்தின் நடுவே உள்ள காற்றுக்கிணற்றைப் பார்க்கும் என்று பொருள். அறை மலிவு, அமைதி, ஆனால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பூண்டு வாசனையும் சண்டையும் இலவசம். "எக்ஸ்தெரியோர்" என்றால் தெருப்பக்கம். அது எந்தத் தெரு என்று கேளுங்கள். பெத்ரோ அந்தோனியோ தெ அலார்கோன் தெரு என்றால், மாணவர்களின் மதுக்கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. வியாழன் இரவு மூன்று மணி வரை தூக்கத்தை மறந்துவிடலாம். பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு நான் இருட்டறையைத்தான் சொல்வேன்.

அறைக்குள் மேசை, அலமாரி எல்லாம் இருக்கும். கேட்கும் சொல்கூட நமக்குப் பழகியதுதான். தமிழுக்கு மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் வழியே வந்தவை. அந்த மொழியின் உடன்பிறப்பான ஸ்பானிஷில் அவை மேசா, அர்மாரியோ. கிரனாடாவில் பார்க்க வேண்டிய மேசை ஒன்று உண்டு: மேசா கமீயா. வட்ட மேசை, தரை வரை தொங்கும் கனத்த விரிப்பு, அடியில் பிரசேரோ என்னும் சூடேற்றி. முன்பு கரித்தணல் வைப்பார்கள், இப்போது மின்சாரம். குளிர்காலம் முழுக்க வீடே அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விரிப்பை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கும், சாப்பிடும், சீட்டு விளையாடும். முழங்காலுக்குக் கீழே மே மாதம், முதுகில் மார்கழி. வரவேற்பறையில் இந்த மேசையைக் கண்டதும் அழகாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள். இந்த வீட்டில் வேறு வெப்பமூட்டும் வசதி இல்லாமலும் இருக்கலாம். சுவரோரம் இரும்பு ரேடியேட்டர்கள் இருக்கின்றனவா, அவை கட்டடம் முழுமைக்கும் பொதுவான கொதிகலனில் ஓடுகின்றனவா, அந்தச் செலவு வாடகையில் அடக்கமா என்று கேளுங்கள். பொதுக் கொதிகலன் உள்ள வீட்டுக்கு மாதம் முப்பது நாற்பது யூரோ கூடுதல் கொடுத்தாலும் நட்டமில்லை.

"காஸ்தோஸ் இங்க்லூயீதோஸ்" என்றால் மின்சாரம், தண்ணீர், இணையம் வாடகையில் அடக்கம். "அபார்தே" என்றால் தனி. தனி என்றால் கடந்த ஜனவரியின் மின்கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை கிலோவாட் என்று ஒரு மின்வரம்பு ஒப்பந்தத்தில் இருக்கும். சிக்கனக்கார உரிமையாளர்கள் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அடுப்பும் சலவை இயந்திரமும் சூடேற்றியும் ஒரே நேரத்தில் ஓடினால் வீடே இருண்டுவிடும். 2021 ஜூன் முதல் நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையும் வந்திருக்கிறது. வேலை நாட்களில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்ச விலை. நள்ளிரவு முதல் காலை 8 வரையும் வார இறுதி முழுக்கவும் மலிவு. ஸ்பெயின் மாணவர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை துணி காய்வதன் ரகசியம் இதுதான்.

சில வீடுகளில் வெந்நீரும் அடுப்பும் பொம்போனாவில் ஓடும். ஆரஞ்சு நிறச் சிலிண்டர், பன்னிரண்டரை கிலோ எரிவாயு. நமக்குப் பழகிய பொருள் என்பதால் எனக்கு இது பிடிக்கும். வெந்நீர் தொட்டியில் தேங்காமல் ஓடிக்கொண்டே சூடாகும், ஐந்தாவது ஆளுக்கும் கிடைக்கும். ஆனால் சிலிண்டர் எப்போதும் யாராவது ஒருவர் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தீரும். மாற்றுச் சிலிண்டர் ஒன்று இருக்கிறதா, நான்காம் மாடிக்கு லிஃப்ட் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் அறைக்கா, முழு வீட்டுக்கா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், ஒருவர் பிப்ரவரியில் கிளம்பிவிட்டால் அவர் பங்கை மற்ற நால்வர் தலையில் கட்டலாம். ஒரு பருவத்துக்கு மட்டும் வந்திருக்கும் தோழர்களோடு சேர்ந்து அப்படிக் கையெழுத்திடவே கூடாது. முன்பணத்தின் பெயர் ஃபியான்சா. வாடகைச் சட்டப்படி நிரந்தரக் குடியிருப்புக்கு ஒரு மாத வாடகை. மாணவர்களுக்குப் பெரும்பாலும் எழுதப்படும் பருவகால ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம். எனவே இரண்டு மாதம் கேட்டாலே ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். நான் இழந்தது எண்பது யூரோ. அலமாரிக்குப் பின்னால் இருந்த பூஞ்சைக் கறையை நான்தான் உண்டாக்கினேன் என்று கழித்துக்கொண்டார்கள். குடிவந்த அன்று அறை முழுக்கப் படம் எடுத்தேன், அலமாரியை நகர்த்தி மட்டும் எடுக்கவில்லை.

சமையல் சுதந்திரம்தான் பீசோவின் பெரிய கவர்ச்சி. ஒவ்வொரு கடையிலும் கொண்டைக்கடலையும் பழுப்புப் பருப்பும் மலிவாகக் கிடைக்கும். சீரகம், தனியா, மஞ்சளுக்கு எல்வீரா தெருவை ஒட்டிய மொராக்கோக் கடைகள் இருக்கின்றன. கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள். பிரஷர் குக்கர் ஸ்பானியச் சமையலறையில் புதுமை அல்ல, ஓயா எக்ஸ்பிரெஸ் என்று எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் நள்ளிரவில் கடுகு தாளித்தால் தோழர்கள் பேசாமல் ஜன்னலைத் திறப்பார்கள், ஜனவரியில். சமைக்கச் சோம்பலான நாளில் பல்கலைக்கழக உணவகங்கள் இருக்கின்றன. நான் படித்தபோது முழுச் சாப்பாடு மூன்றரை யூரோ. இரவில், ஊரின் பெருமை, எந்தப் பானம் வாங்கினாலும் ஒரு சிறு தட்டு உணவு இலவசம். மது குடிக்காதவர்கள் மொஸ்தோ என்னும் திராட்சைச் சாறு கேளுங்கள், அதற்கும் தட்டு வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க்காரர்களோ ஆங்கிலம் பேசும் வெளிநாட்டு மாணவர்களோ மட்டும் சேர்ந்து எடுக்கும் பீசோ, மொழியைப் பொறுத்தவரை, ஸ்பெயினுக்கு வராமலே இருப்பதற்குச் சமம். அறையைக் காட்டுகிறவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாலும் நீங்கள் தட்டுத்தடுமாறி ஸ்பானிஷிலேயே பதில் சொல்லுங்கள்.

எந்தப் பகுதி என்பதை உங்கள் துறைதான் தீர்மானிக்கும். இலக்கியம், உளவியல், கல்வியியல், பொருளியல், மருந்தியல் எல்லாம் வடக்கே கர்த்தூஹா குன்றின்மேல். நடந்தால் மூச்சு வாங்கும் ஏற்றம், பஸ் உண்டு. அறிவியல் துறைகள் ஃபுவென்தெநுவேவாவில், ஊருக்குள்ளேயே. மருத்துவமும் சுகாதார அறிவியலும் தெற்கு ஓரத்தில் புதிய வளாகத்தில். சட்டமும் மொழிபெயர்ப்பும் நடு ஊரில். 2017 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ அல்போலோத்தேயிலிருந்து ஆர்மியா வரை ஒரே பாதை. தெற்கு வளாகத்துக்கும் ஃபுவென்தெநுவேவாவுக்கும் அது வரம், கர்த்தூஹாவுக்கு உதவாது. ஆகவே மருத்துவ மாணவருக்கு தைதீன்: உழைக்கும் மக்கள் வாழும் சமதளப் பகுதி, குறைந்த வாடகை, சனிக்கிழமைச் சந்தை. அறிவியல் மாணவருக்கு காமினோ தெ ரோந்தாவும் அதன் குறுக்குத் தெருக்களும். அழகு குறைவு, வசதி அதிகம். கர்த்தூஹாவுக்குப் போகிறவர் காளைச்சண்டை மைதானத்தைச் சுற்றிய தெருக்களில் தேடலாம். ரெயலெஹோ பழைய யூதர் குடியிருப்பு, எனக்கு மிகப் பிடித்த இடம். ஆனால் ஈஸ்டர் வாரத்தில் ஊர்வலங்கள் தெருவை அடைத்துக்கொள்ள, சொந்த வீட்டு வாசலை அடைய ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

அல்பைசின் வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். 1994 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும், மூரியர் என்னும் முஸ்லிம்கள் ஆண்ட காலக் குடியிருப்பு, வெள்ளைச் சுவர்கள், எதிரே அல்ஹம்ப்ரா. அந்தக் கூழாங்கல் பாதைகளில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருமுறை ஏறிப் பாருங்கள். என் பெட்டியின் ஒரு சக்கரம் இன்னும் அங்கேதான் எங்கோ கிடக்கிறது. வீடுகள் பழையவை, ஈரம் ஏறிய சுவர்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தால் கதகதப்பாக இருக்கும். சிறு பஸ்கள் மேலே போகின்றன, இரவில் அவை குறைந்துவிடும். ஆள் நடமாட்டமில்லாத சந்துகளில் தனியாக ஏறிப் போவது பெண்களுக்கு உவப்பாக இருக்காது. மாலையில் ஏறிப் பார்க்க வேண்டிய இடம் அது. இறங்கி வந்து வேறெங்காவது தூங்குங்கள்.

போன வாரம் திருச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஒரே பருவம், கர்த்தூஹாவில் இலக்கியத் துறை, ஸ்பானிஷ் ஏ2 என்னும் தொடக்க நிலை, சுத்த சைவம், பீசோதான் வேண்டும் என்று முடிவோடு இருந்தார். கல்வியாண்டின் நடுவில் காலியாகும் அறைகள் பெரும்பாலும் யாரோ ஓடிப்போன அறைகள், ஏன் ஓடினார்கள் என்று உனக்குத் தெரியாது. பதிவுச் சான்றும் உனக்குத் தேவையில்லை. ஐந்து மாதத்துக்கு நீ குடும்பத்தில்தான் இருக்க வேண்டும் என்று எழுதினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: "சரி அக்கா. வாரத்துக்கு ஒரு நாள் ரசம் வைக்க அடுப்பைத் தருவார்களா?" பணம் கட்டுவதற்கு முன்னால் கேள், ஹமோன் பட்டியலையும் அதே கடிதத்தில் சேர்த்து அனுப்பு என்று எழுதியிருக்கிறேன்.